தொண்டிப் பக்கம் மெட்டல் டிடெக்டரோடு போனால் எங்கே தேடுவது?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது ஒரு மெட்டல் டிடெக்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். காரைக்குடியிலிருந்து தொண்டிப் பக்கம் போய்த் தேடினேன். ஈயக்குண்டும் ஆணியும்தான் கிடைத்தன. வீடியோக்களில் அலை நனைக்கும் ஈர மணலில் தேடச் சொல்கிறார்கள். கடற்கரையில் இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஈயக்குண்டு என்றதுமே தெரிகிறது, படகு ஏற்றும் இடத்தில் தேடியிருக்கிறீர்கள். வலை காயப்போட்டு, பிரித்து, முடிச்சுப் போடுகிற இடமெல்லாம் ஈயம் உதிர்ந்து கிடக்கும். சின்ன ஈயத்துண்டுக்கும் தங்க மோதிரத்துக்கும் மெஷின் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு அந்த இடம் வேண்டாம்.

நீங்கள் பார்த்த வீடியோக்கள் பெரும்பாலும் பேரலை அடிக்கும் கரைகளில் எடுத்தவை. அங்கே அலையே மணலை வாரி, கனமான பொருளைப் பள்ளத்தில் சேர்த்துவிடும். நம் பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழம் குறைவு, இலங்கை மறைத்து நிற்கிறது. ஏற்றவற்றத்துக்கு இடையே உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இருக்காது. வருடத்தில் பல மாதம் விழுந்த பொருள் விழுந்த இடத்துப் பக்கத்திலேயே புதைந்து கிடக்கும். ஆகவே இங்கே அலையைப் பார்க்காதீர்கள், ஜனங்களைப் பாருங்கள். உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை மாதிரி குடும்பத்தோடு வந்து குளிக்கிற இடம் நல்லது. சவுக்கு நிழலில் சாப்பாட்டுக்கு விரிப்பு போடும் இடம், கடை வாசல், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து தண்ணீருக்கு இறங்கும் தடம், பிள்ளைகள் பந்து விளையாடும் மணல். பிறகு இடுப்பளவுத் தண்ணீர்: குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவுவது அங்கேதான். இறங்குவதற்கு முன் உங்கள் மெஷின் எதுவரை நனையலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலவற்றில் தரையை ஒட்டி ஆட்டும் அடிவட்டம் (coil) மட்டும்தான் நனையலாம்.

இதற்கு விதிவிலக்கு ஐப்பசி, கார்த்திகை. வாடைக்காற்று இந்தக் கரையில் நேராக மோதும். காற்று ஓய்ந்த மறுநாள் போய், மணல் கத்தியால் அறுத்த மாதிரி செங்குத்தாக வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சாண் உயரம் இருந்தாலே போதும். அதன் அடியில் சிப்பியும் கூழாங்கல்லும் கருமணலும் ஒதுங்கிய கோட்டைப் பிடித்துக்கொண்டு நடங்கள். சோடா மூடியும் அலுமினியத் தகடும் மட்டும் வந்தால் தள்ளிப் போங்கள். காசு, ஈயம், துருப்பிடித்த பெரிய ஆணி என்று கனமானவை சேர்ந்து வந்தால் நின்று, அடிமேல் அடி வைத்துத் தேடுங்கள். தங்கமும் அந்தக் கூட்டத்தோடுதான் ஒதுங்கும்.

இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனைக் கூட்டி வைத்திருந்தீர்களா? நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் காசுகள் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டும் எஃகு. மெஷின் அவற்றை இரும்பென்று தள்ளிவிடலாம். காசு கிடைத்தால் அங்கே ஜனங்கள் புழங்கியிருக்கிறார்கள் என்று தெரியும், அந்தத் துப்பே போய்விடும். மெல்லிய மோதிரமும் சிகரெட் அட்டைத் தகடும் மெஷினில் ஏறக்குறைய ஒரே எண்ணில் ஒலிக்கும் என்பதால் தகட்டையும் ஒதுக்கக் கூடாது. உப்பு ஈரத்தில் மெஷின் சும்மா கத்தினால் சென்சிடிவிட்டியை, அதாவது உணர்திறனை, குறையுங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் அதிகம். ஆனால் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம், தேவிபட்டினம் நவபாஷாணம் பக்கம் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். திதி கொடுக்கிறவர்கள் நடுவில் அது அழகாக இருக்காது. ரோமானியக் காசுகள் கிடைத்த அழகன்குளம் அகழாய்வுப் பகுதியும் கூடவே கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அண்மையில் தொலைந்த நகை என்று தெரிந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுங்கள்.

ஒன்று நிச்சயம் நடக்கும்: மெஷின் இருப்பது தெரிந்தால், பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டில் புதையல் பார்த்துத் தரச் சொல்லி யாராவது வருவார்கள். பங்காளிகள் அத்தனை பேரும் எழுத்தில் சம்மதித்தாலொழியப் படியேறாதீர்கள்.