மயோர்காவில் லிஃப்ட் இல்லாத விடுதி: 17 பேருக்காக யார் வழக்குப் போடுவது?

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கமுங்க நாங்க. 78 வயசு ஆத்தாவிலிருந்து ரெண்டு வயசுக் குழந்தை வரை 17 பேர், 2025 மே கடைசியில ஸ்பெயினின் மயோர்கா தீவுக்கு ஆறு ராத்திரி போக ஏற்பாடு பண்ணினோம். கோயமுத்தூர் டூர் கம்பெனி ஒன்றுக்கு ஏப்ரலில் 27 லட்சம் கொடுத்தோம். மாமாவின் பனியன் கம்பெனிக் கணக்கிலிருந்து 14, எங்க வீட்டுக்காரர் வங்கி வழியா 9, சித்தப்பா ரொக்கமா 4. அல்கூதியாவில் கடலை ஒட்டின நாலு நட்சத்திர விடுதி, லிஃப்ட் உண்டு, ஆறு ரூமும் ஒரே மாடி என்று வாட்ஸ்அப்பில் சொன்னாங்க. கிடைச்சது கடலிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, லிஃப்ட் இல்லாத மூணு மாடி, ரெண்டு கட்டிடத்தில் ரூம். முட்டி ஆபரேஷன் ஆன ஆத்தா ரெண்டு நாள் ரூமை விட்டே இறங்கலை. அப்புச்சிக்கு (அம்மாவோட அப்பா) விசாவே மறுத்துட்டாங்க, அவர் பங்கையும் தர மாட்டேங்கறாங்க. கேட்டா "வழக்கு மும்பையில்தான் போடணும், நாங்க வெறும் ஏஜென்ட்"ங்கறாங்க. ஜெர்மனியில் இருக்கும் தம்பி ஐரோப்பியச் சட்டப்படி போகச் சொல்றான். என்ன செய்யட்டுமுங்க?

பதில்: தம்பி சொல்லும் ஐரோப்பிய பேக்கேஜ் பயணச் சட்டம் (2015/2302) அங்குள்ள பயணிகளிடம் விற்கும் நிறுவனங்களுக்கானது. கோவையில் ரூபாயில் விற்ற பேக்கேஜுக்கு அது உதவாது. உங்களுக்கான இடம் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34-இன்படி புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். பில்லின் பின்பக்கப் பொடி எழுத்தில் மும்பை என்று அச்சடித்திருப்பதற்காக இந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தின் வரம்பு. இங்கே கணக்கில் வருவது நீங்கள் கேட்கும் நஷ்ட ஈடு அல்ல, கட்டிய பணம். 27 லட்சத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய். நுகர்வோர் ஆணையங்களின் இணையதளமான இ-ஜாக்ரிதியிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு, அதாவது 2027 மே.

விடுதி மோசம் என்பதை நிரூபிப்பது சுலபம். இந்த மாதிரி கூட்டுக் குடும்பப் பயண வழக்குகள் தடுக்கி விழுவது "யார் நுகர்வோர்" என்ற இடத்தில்தான். பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு சேவையை அனுபவித்தவரும் நுகர்வோரே என்கிறது பிரிவு 2(7). அதனால் ஆத்தாவும் புகார்தாரர் ஆகலாம். சிலர் சேர்ந்து கூட்டாகப் புகார் கொடுக்க, பெருந்திரள் வழக்குக்கான 35(1)(சி) அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் பிரிகேட் எண்டர்பிரைசஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் முதல் புகார்தாரர், அடுத்து மாமா, சித்தப்பா, ஆத்தா என்று போடுங்கள்.

மாமாவின் 14 லட்சத்தில்தான் எனக்குக் கவலை. பில் பனியன் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணில் இருந்தால், "இது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல" என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். கம்பெனிக் கணக்கிலிருந்து பணம் போனதாலேயே குடும்பச் சுற்றுலா வணிகமாகிவிடாது. ஆனால் புத்தகத்தில் எந்தத் தலைப்பில் எழுதினார்கள் என்பது முக்கியம். மாமா சொந்தச் செலவுக்கு எடுத்த பணமாக எழுதியிருந்தால் ஆடிட்டரிடம் லெட்ஜர் நகல் வாங்கி இணையுங்கள். வியாபாரச் செலவாகக் காட்டி வரிக்கழிவு எடுத்திருந்தால், முதலில் ஆடிட்டரோடு உட்கார்ந்து அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். ஒரே ஆள் வரித்துறையிடம் வியாபாரம் என்றும் ஆணையத்திடம் குடும்பம் என்றும் சொல்ல முடியாது.

ரொக்கம் 4 லட்சம். ஒருவரிடம் ஒரே காரியத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை நீங்கள் பணம் கட்டியபோது நடப்பில் இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 269எஸ்டி தடுத்தது. பணத்தை வாங்கியவருக்குத்தான் அபராதம், ஆகவே சித்தப்பா பயப்பட வேண்டாம். அதே காரணத்தால் கம்பெனி "வாங்கவே இல்லை" என்று சாதிக்கும். ரசீது இல்லையென்றால், பணம் எடுத்த நாளின் பாஸ்புக் பதிவும், "வந்துவிட்டது" என்ற வாட்ஸ்அப் பதிலும், 17 பேர் பெயரும் உள்ள வவுச்சரும் (விடுதிப் பதிவுச் சீட்டு) சேர்ந்து பேசும். 23 லட்சத்துக்கு யாரும் 27 லட்சப் பயணம் நடத்த மாட்டார்கள்.

பில்லில் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) என்று தனியாகப் பிடித்திருப்பார்கள். 2025-26-இல் ஒருவருக்கு 10 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20. மாமாவின் 14 லட்சத்துக்கு 1,30,000 வரும். இதை வழக்கில் கேட்காதீர்கள், வருமான வரிக் கணக்கில் வரவு எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது ஏறவில்லை என்றால் மட்டும் கம்பெனியைப் பிடியுங்கள்.

"வெறும் ஏஜென்ட்" வாதத்தை உடைக்க ஒரு வழி. வவுச்சரில் உள்ள உறுதி எண்ணோடு அவர்கள் சொன்ன விடுதி, நீங்கள் தங்கிய விடுதி இரண்டுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்: எங்கள் பெயரில் எந்தத் தேதியில், எந்த வகை அறை, யார் பதிவு செய்தார்கள்? அல்கூதியா விடுதியில் பதிவே இல்லை என்று பதில் வந்தால் அது சேவைக் குறைபாட்டையும் தாண்டி, முறையற்ற வணிக நடவடிக்கை ஆகிவிடும். பயணம் முழுவதற்கும் ஒரே விலை வைத்துப் பணம் வாங்கியவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஸ்பெயினில் எந்த விடுதியிலும் "ஓகா தே ரெக்லமசியோனெஸ்" என்ற அரசுப் புகார்ப் படிவம் கேட்டு வாங்கலாம். அங்கேயே எழுதிக்கொடுத்திருந்தால் அதன் நகல் நல்ல ஆதாரம், இல்லாவிட்டாலும் வழக்கு நிற்கும். வாட்ஸ்அப் உரையாடலை அந்தப் போனிலேயே வைத்திருங்கள், அழிக்காதீர்கள். பிரதியோடு பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இணைத்தால் பின்னால் ஆட்சேபம் வராது.

அப்புச்சியின் விசா வேறு கணக்கு. விசா தருவதும் மறுப்பதும் தூதரகத்தின் முடிவு, மறுத்ததற்காக மட்டும் டூர் கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது. மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்கும், அதைப் படியுங்கள். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இணைக்காதது, வங்கி அறிக்கையை விட்டுவிட்டது போன்றவை காரணமென்றால், தாள்களை அடுக்கியவர் கம்பெனிதானே, அது அவர்கள் குறை. ஷெங்கன் விசாவுக்கு (ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) கட்டிய 90 யூரோ எப்படியும் திரும்பாது. ஆனால் ரீஃபண்ட் இல்லாத விமான டிக்கெட்டிலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தரவேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. விடுதிப் பங்கில் உண்மையில் எவ்வளவு இழந்தார்கள் என்பதற்கு ரசீது காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் முழுப் பங்கையும் கேளுங்கள்.

27 லட்சமும் திரும்ப வேண்டும் என்று எழுதாதீர்கள். பறந்தீர்கள், தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள். இரண்டு விடுதிகளின் வாடகை வித்தியாசம், கடற்கரைக்குப் போய்வந்த டாக்ஸி ரசீதுகள், அப்புச்சியின் பங்கு, ஆத்தா பட்ட சிரமத்துக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு: இப்படிப் பிரித்துக் கேட்டால் ஆணையம் காது கொடுக்கும். தீவின் சுற்றுலா வரி (நாலு நட்சத்திரத்தில் கோடையில் ஓர் இரவுக்கு ஆளுக்கு 3 யூரோ, 16 வயதுக்குக் கீழ் இல்லை) விடுதியில் தனியாகக் கட்டியிருந்தால், "அனைத்து வரியும் உட்பட" என்று பில்லில் உள்ளதா பாருங்கள். இருந்தால் அதையும் சேர்க்கலாம்.

முதலில் 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்கு ஏற்கப்பட்டு ஆணையத்தின் நோட்டீஸ் போனபின் எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15. அதற்கு மேல் ஆணையமே நினைத்தாலும் தர முடியாது. நோட்டீஸ் போனதும் சமரசப் பேச்சு வரும். மாமாவிடம் மட்டும் பேசி, அடுத்த டூருக்கு 50,000 தள்ளுபடி என்று சொல்லி "முழுத் தீர்வு" என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். எல்லாப் புகார்தாரரும் கையெழுத்திடாத, தொகையும் தேதியும் வங்கிக் கணக்கு எண்ணும் இல்லாத எந்தத் தாளிலும் வீட்டில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.