அப்பாட நினைவு மலர்ல என்ன எழுதுற?

கடிதம்:

வணக்கம் அண்ணா,

அப்பா மோசம் போய் ரெண்டு கிழமை ஆகுது. 31ம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கணும். பெரியண்ணன் எழுதித் தந்ததுல அப்பா படிப்பிச்ச பள்ளிக்கூடங்கள், அதிபரா இருந்த காலம், கிடைச்ச பட்டங்கள் எல்லாம் இரிக்கி, கடைசில 'குடும்பத்தையும் மறந்து கல்விக்காகத் தன்னை அர்ப்பணித்த மகான்' எண்டு முடிச்சிருக்கார். அம்மா அத வாசிச்சிட்டு ஒண்டும் சொல்லல்ல, பேப்பர மடிச்சு வச்சிட்டு எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டா.

அப்பா எங்கள மறக்கல்ல அண்ணா. 1977ல முதல் நியமனம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம் படுவான்கரையில, அதுக்குப் பிறகு பாதிக்கு மேல அந்தப் பக்கம்தான், மண்முனைத்துறையில சைக்கிளோட பாதை (வாவியக் கடக்கிற மிதவை) ஏறித்தான் போய் வந்தவர். அங்க பாலம் திறக்கிறதுக்கு முதல் வருசம் பென்சன். நானும் ரெண்டு வருசம் அவரோட சைக்கிள் பார்ல இருந்து போய்ப் படிச்சன், வகுப்புல 'சேர்' எண்டுதான் கூப்பிடணும், திரும்பி பாதையில ஏறினாப் பிறகுதான் 'அப்பா'. டிசம்பர்ல ஓ.எல் (சாதாரண தர) சோதனை வந்தா அங்கால இருக்கிற பிள்ளைகள் வெள்ளத்துல வர ஏலாது எண்டு எங்கட வீட்டுலதான் நிப்பாங்க, அம்மாதான் சமைச்சுப் போடுவா. ஆனா என்ட சாமத்தியச் சடங்கு அண்டைக்கும் அவர் பின்னேரம்தான் வந்தவர், அது எனக்கு இண்டைக்கும் கவலை. இதெல்லாம் மலர்ல எழுதலாமா? பெயர் போடாதீங்க.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

எழுதலாம், எழுதத்தான் வேணும். அண்ணன் போட்ட அந்தக் கடைசி வரிய எடுத்துடுங்க. அண்ணன்ல பிழை இல்ல, எங்கட பக்கம் வாத்திமாருக்கு அடிக்கிற மலர்ல முக்கால்வாசில அந்த வரி இரிக்கி, கை தன்பாட்டுல அத எழுதிரும்.

அது எங்க இருந்து வந்திருக்கும் எண்டு நான் யோசிச்சிருக்கன். எங்கட மண்ணுல கல்வி எண்டா முதல்ல ஞாபகம் வாறது விபுலாநந்த அடிகள். 1892ல காரைதீவுல மயில்வாகனனாப் பிறந்து, 1924ல துறவியாகி, 1929ல கல்லடி உப்போடையில சிவானந்தா வித்தியாலயத்தத் தொடங்கி, 1947ல காலமாகி அந்த வளவுலயே அடக்கமாகிட்டார். அவருக்கு வீடு வாசல் பிள்ளை குட்டி இல்ல, முழுசாக் குடுக்க ஏலும், குடுத்தார், அதுல எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஆனா அவரப் புகழ்ற வார்த்தைய அப்படியே தூக்கி நாலு பிள்ளையோட வாடகை வீட்டுல இருந்த வாத்தியாருக்கும் போடுறம் பாருங்க, அதத்தான் என்னால ஏத்துக்க முடியல்ல. துறவியப் போல இருந்தாத்தான் நல்ல வாத்தியார் எண்டா, பின்னேரம் வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு நகம் வெட்டி விட்டவர எந்த வார்த்தையால புகழ்ற? எங்களிட்ட அதுக்கு வார்த்தை இல்லாம இருக்கலாம், சம்பவம் இரிக்கிதானே, அத எழுதுங்க.

நீங்க எழுதின அந்த ஓ.எல் விசயத்தப் பாருங்க. டிசம்பர் எண்டா எங்களுக்கு மாரி, படுவான்கரைல ரோட்டெல்லாம் தண்ணி, கொழும்புல டைம்டேபிள் போடுறவங்களுக்கு அது விளங்காது, எத்தினையோ வருசம் அந்தச் சோதனை டிசம்பர்லதான் நடந்தது. அந்தப் பிள்ளைகள் சோதனை மண்டபத்துக்குப் போனது உங்கட வீட்டு விறாந்தையில இருந்து. அங்க படிப்பிச்சது அப்பா, சோறு போட்டது அம்மா, பாய விட்டுக் குடுத்தது நீங்க பிள்ளைகள். அவர் குடும்பத்த மறந்திருந்தா அந்தப் பிள்ளைகள் எங்க படுத்திருப்பாங்க? உங்கட குடும்பமே அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பாதியா இருந்திரிக்கி. 'குடும்பத்தையும் மறந்து' எண்டு எழுதினா அம்மாட அந்த உழைப்பையும் சேர்த்து அழிக்கிறம். அம்மா ஏன் பேப்பர மடிச்சு வச்சா எண்டு எனக்கு விளங்குது.

இன்னொண்டும் அம்மாட்டக் கேளுங்க. 1987, 1991 படுகொலைகள் எண்டு சொன்னாலே கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு ஆக்களுக்கு வேற விளக்கம் தேவையில்ல. அந்தக் காலத்துலயும் சோதனைச் சாவடி தாண்டி அங்கால போய்ப் படிப்பிச்ச மனுசன், பாதையால இறங்கி வீட்டுக்கு வரும் வரைக்கும் அம்மா என்ன செஞ்சிக்கிட்டு இருந்தா, பிந்தின நாள்ல யாரிட்டப் போய் விசாரிச்சா, எத்தின தரம் டிரான்ஸ்பர் எடுங்க எண்டு சொல்லியிருப்பா. அவ சொன்னா அவட வார்த்தையிலயே போடுங்க, திருத்தாதீங்க. மலர்ல அம்மாக்கு எண்டு ஒரு பக்கமாவது இருக்கணும், 'அன்பு மனைவி' எண்டு படத்துக்குக் கீழ ஒரு வரி காணாது.

சாமத்தியச் சடங்கு விசயமும் எழுதுங்க. அண்ணன் வேணாம் எண்டு சொல்லுவார், சபையில அப்பாவக் குறைச்சுச் சொன்ன மாதிரி வந்திரும் எண்டு. வராது. மகள் ஒருத்தி, அண்டைக்கு எனக்கு அவர் தேவைப்பட்டார், அவர் பிந்தித்தான் வந்தார் எண்டு எழுதினா அதுல இருக்கிறது பாசம்தான், வாசிக்கிறவங்களுக்கு அது தெரியும். மகான் எண்ட சொல்லுதான் அவர எங்களிட்ட இருந்து தூரத்துல கொண்டு போய் வைக்குது.

மறுகா, பழைய மாணவர்களிட்டக் கவிதை கேக்காதீங்க. கேட்டா எல்லாரும் ஒளிவிளக்கு, ஏணி, தோணி எண்டுதான் அனுப்புவாங்க. ஆளுக்கு ஒரு சம்பவம் கேளுங்க, வருசத்தோட. 1978 நவம்பர் 23 சூறாவளி அடிக்கக்குள்ள அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம்தான் ஆகியிருக்கும், அந்தப் பள்ளிக்கூடக் கூரைக்கு என்ன நடந்தது, அடுத்த நாள்கள்ல எங்க வச்சுப் படிப்பிச்சார் எண்டு அந்த வகுப்புல இருந்த ஆரையும் தேடிப் பிடிச்சுக் கேளுங்க, இப்ப அவங்களுக்கும் வயசு போயிரிக்கும். நியமனம், இடமாற்றத் திகதிகள அப்பாட பென்சன் பைல்ல பாருங்க, இல்லாட்டி பள்ளிக்கூடத்துச் சம்பவத் திரட்டுல (லொக் புத்தகத்துல) இருக்கலாம்.

இத ஏன் இவ்வளவு வற்புறுத்துறன் எண்டா, சூறாவளி, இடப்பெயர்வு, 2004 சுனாமி எண்டு எங்கட பக்கம் எவ்வளவு கடதாசி அழிஞ்சு போச்சு. இப்படி ஒரு வாத்தியார்ர வாழ்க்கைக்கு அச்சுல மிஞ்சப் போற ஒரே சாட்சி நாப்பது பக்க மலர்தான். அடிச்சாப் பிறகு ஒரு பிரதிய நூலகம் நிறுவனத்துக்கும் அனுப்புங்க, அவங்க இந்த மாதிரி நினைவு மலர்களையும் ஸ்கேன் பண்ணி இணையத்துல வைக்கிறாங்க.

நாள் கிட்டக் கிடக்கு, தேவாரப் பகுதிய இப்பவே பிரஸ்ஸுக்குக் குடுத்திட்டு மத்ததப் பிறகு குடுங்க. புரூப் வந்ததும் முதல்ல அம்மாட்ட வாசிக்கக் குடுங்க, அண்ணனும் பக்கத்துல இருக்கட்டும்.

அன்புடன்.