காகித மகன்கள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் குடியேற வந்தவர்களை விசாரித்த ஏஞ்சல் தீவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பொய்ப் பெயரில் அமெரிக்காவுக்குள் நுழைந்த சீனர்கள்மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு பரிவு? என் தம்பி பல வருஷமாக க்ரீன் கார்டு வரிசையில் நிற்கிறான். ஒரு தாளில்கூடப் பொய் எழுதியதில்லை.

முரளி, ஓசூர்

அன்புள்ள முரளி,

பொய்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் தம்பிக்கு நிற்க ஒரு வரிசையாவது இருக்கிறது. சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரத் தடை போட்ட 1882 சட்டத்துக்குப் பிறகு அவர்களுக்கு அதுவும் கிடையாது. வணிகர், மாணவர் போன்ற சிலர் வரலாம். அமெரிக்கக் குடிமகனின் பிள்ளை வரலாம். 1906 பூகம்பத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோனதும் ‘நான் இங்கேதான் பிறந்தேன், அதனால் குடிமகன்’ என்று பலர் சொல்லிக்கொண்டார்கள். சீனாவில் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் ஒரு மகன் பிறந்ததாக எழுதிவைத்து, அந்த இல்லாத மகனின் பெயரை விற்றார்கள். வாங்கியவன் காகிதத்தில் மட்டும் மகன், காகித மகன்.

அதிகாரிகளுக்கும் இது தெரியும். 1910 முதல் ஏஞ்சல் தீவில் வைத்துத் துருவினார்கள். வீட்டு வாசலில் எத்தனை படி? அரிசிப் பானை எங்கே இருக்கும்? மூன்றாவது வீட்டில் யார்? அதே கேள்விகள் அப்பாவிடமும் தனியாகக் கேட்கப்படும். பதில் ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். பல வருஷம் முன்பு விட்டுவந்த வீட்டின் படிக்கட்டை எந்த அப்பாவுக்கு நினைவிருக்கும்? அதனால் பெற்ற மகனும் நோட்டு வைத்து மனப்பாடம் செய்தான், கரை வருமுன் அதைக் கடலில் எறிந்தான். உண்மை சொல்ல வந்தவனையும் ஒத்திகை பார்க்கவைத்த விசாரணை அது. உங்கள் கேள்வி அங்கேதான் எனக்குச் சிக்கலாகிறது.

1943இல், போரில் சீனா நட்பு நாடான பிறகு, தடை நீங்கியது. கொடுத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 105 பேர்! 1956இல் ‘உண்மையை ஒப்புக்கொள்ளுங்கள்’ என்று ஒரு திட்டம் வந்தது. ஒருவர் வாய் திறந்தால் குடும்பமே மாட்டும். பலர் வாங்கிய பெயரோடே செத்தார்கள். சில கல்லறைகளில் ஆங்கிலத்தில் அந்தப் பெயரும் சீனத்தில் சொந்தப் பெயரும் இருக்கின்றன.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். வேலைவழி க்ரீன் கார்டில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டு ஒதுக்கீட்டில் சுமார் 7 சதவீதம்தான் உச்சவரம்பு. குடியுரிமை எதுவானாலும் பிறந்த நாடுதான் கணக்கு. அதே படிப்பு, அதே வேலையோடு அவர் கொழும்பில் பிறந்திருந்தால் இந்திய வரிசையில் நிற்க வேண்டியதே இல்லை.