அமெரிக்காவில் கிராமப்புறக் கவுண்டியில் முன்பணம் இல்லாமல் யுஎஸ்டிஏ கடனில் வீடு வாங்க முடியுமா?

முடியும். யுஎஸ்டிஏ என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை; கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. நீங்கள் ஆர்கன்சாவில் பென்டன்வில், ராஜர்ஸ் பக்கம் ஐடி வேலையில் இருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். கிரீன் கார்டு வந்துவிட்டதா? எச்-1பி வேலை விசாவில் இருந்தால் இந்தக் கடன் கிடையாது. "என் நண்பர் எச்-1பியிலேயே வாங்கினாரே" என்று கமென்டில் யாராவது வருவார். அவர் வாங்கியது எஃப்எச்ஏ (அரசின் வீட்டுவசதி நிர்வாகம் காப்பீடு தரும்) கடனாக இருக்கும். 2025 மே 25 முதல் எச்-1பிக்காரர்களுக்கு அதுவும் இல்லை.

கடன் கொடுப்பது அரசு அல்ல, லென்டர், அதாவது வங்கி போன்ற கடன் நிறுவனம்தான். கடனில் 90 சதவீதம் வரை யுஎஸ்டிஏ அவருக்கு உத்தரவாதம் நிற்கிறது. அரசே நேரடியாகக் கொடுக்கும் 'டைரக்ட்' கடன் வேறு. அது குறைந்த வருமானக்காரர்களுக்கானது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வீட்டு விலையும் அப்ரைசலும் (மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு) 2,50,000 டாலர் என்றால், 1 சதவீத உத்தரவாதக் கட்டணத்தையும் கடனிலேயே சேர்த்து 2,52,525 வரை வாங்கலாம். ஆண்டுக் கட்டணம் 0.35 சதவீதம், முதல் வருடம் மாதத்துக்கு ஏறக்குறைய 73 டாலர். இதே வீட்டுக்கு எஃப்எச்ஏ என்றால் 3.5 சதவீதம், அதாவது 8,750 டாலர் கையிலிருந்து போக வேண்டும். தொடக்கக் கட்டணமும் 1.75 சதவீதம். ஆனால் யுஎஸ்டிஏ ஆண்டுக் கட்டணம் கடன் முடியும்வரை விடாது. கன்வென்ஷனல் கடனில் (அரசு உத்தரவாதம் இல்லாத சாதாரண வீட்டுக் கடன்) வரும் பிஎம்ஐ என்ற கடன் காப்பீட்டுக் கட்டணம் போல, பாக்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு வந்ததும் கழற்றிவிட முடியாது. 'ஜீரோ டவுன்' என்று ரீல்ஸ் போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. கையில் காசே வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள்: அட்வான்ஸ், இன்ஸ்பெக்‌ஷன், அப்ரைசல், முதல் வருட இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கின்றன. விற்பவர் வீட்டு விலையில் 6 சதவீதம் வரை குளோசிங் (வீட்டைக் கைமாற்றி முடிப்பது) செலவை ஏற்கலாம். அப்ரைசல் மதிப்பு வீட்டு விலையைவிட அதிகமாக வந்தால் அந்த வித்தியாசத்தையும் குளோசிங் செலவுக்குக் கடனில் சேர்க்கலாம்.

நம்மவர்கள் அதிகம் இடறுவது வருமானத்தில். வரம்பு, வட்டார இடைநிலை (மீடியன்) வருமானத்தில் 115 சதவீதம். 2025 கணக்கில் நான்கு பேர் வரையுள்ள குடும்பத்துக்கு அடிப்படை வரம்பு 1,19,850 டாலர். சில கவுண்டிகளில் கூடும். கணவர் பெயரில் மட்டும் கடன் போட்டாலும் மனைவி சம்பளம் கணக்கில் வரும். வீட்டில் இருக்கும் வயது வந்த எல்லோரின் வருமானமும் வரும். பிள்ளைகளுக்கும், 12 வயது வரையுள்ள குழந்தையின் டே கேருக்கும் கழிவு உண்டு. டே கேர் ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள், வரம்பை ஒட்டி நிற்பவர்களை அதுதான் உள்ளே கொண்டுவரும். ஊரில் ஓடும் வீட்டுக் கடன் ஈஎம்ஐயையும் மறைக்காதீர்கள். மொத்தக் கடன் தவணைகள் பொதுவாகச் சம்பளத்தில் 41 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதில் அதுவும் சேரும். கிரெடிட் ஸ்கோர் 640க்குக் கீழே போனால் பல லென்டர்கள் தொடவே மாட்டார்கள்.

இன்னொன்று, சேமிப்பு அதிகம் இருந்தாலும் சிக்கல். 20 சதவீத முன்பணம் கட்டிக் கன்வென்ஷனல் வாங்கும் வசதி உள்ளவருக்கு இந்தத் திட்டம் இல்லை. ஓய்வூதியக் கணக்குப் பணம் இதில் சேராது.

இடத்துக்கு, யுஎஸ்டிஏ தகுதி வரைபடத்தில் வீட்டின் முழு முகவரியையும் போட்டுப் பாருங்கள். பென்டன்வில், ராஜர்ஸ் நகரங்கள் கிடையாது. கிராவெட், டிகேட்டர் மாதிரிச் சிற்றூர்கள் பக்கம் தேடலாம். அந்தப் பக்கம் கோழிப்பண்ணை அதிகம். கொட்டகையில் இன்னும் கோழி வளர்த்து விற்கும் இடமானால் வருமானம் தரும் சொத்து என்று தள்ளிவிடுவார்கள்; சாமான் போட்டு வைக்கும் பழைய கொட்டகை பரவாயில்லை.

கிணற்றுத் தண்ணீர் வீடுகளில்தான் தண்ணீர்ச் சோதனையால் குளோசிங் தேதி தள்ளிப்போகும். ஓசார்க் மலைப்பகுதியில் அடியில் சுண்ணாம்புப் பாறை, வெடிப்பும் குகையுமாக இருக்கும். மழைத் தண்ணீர் வடிகட்டப்படாமல் நேரே நிலத்தடிக்கு இறங்கும். பெருமழை முடிந்த கையோடு மாதிரி எடுத்தால் கோலிஃபார்ம் பாக்டீரியா வந்து நிற்கும். ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டிலும் இதே கதி. குளோரின் ஊற்றி, ஊறவிட்டு, வாசனை போகும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது குழாய் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றச் சொல்லுங்கள். கிணறு சுத்தமாக இருந்தும் அந்த அழுக்கால் தோற்றவை உண்டு. மாதிரியை நீங்களோ விற்பவரோ எடுக்கக் கூடாது. கிணற்றுக்கும் செப்டிக் டேங்கிற்கும் 50 அடி, கழிவுநீர் ஊறும் நிலத்துக்கு 100 அடி என்பது பொது அளவு. தனியார் மண்பாதை வழியாகப் போகும் வீடானால் பதிவான வழியுரிமைப் பத்திரம் கேளுங்கள். விற்பவர் "எல்லோரும் இப்படித்தான் போகிறோம்" என்பார், லென்டர் ஏற்க மாட்டார்.

விற்பவர் தரப்பு ஏஜென்ட்டுகள் பலர் யுஎஸ்டிஏ என்று கேட்டதுமே ஆஃபரை ஓரம் கட்டிவிடுவார்கள்.

லென்டர் ஒப்புதல் கொடுத்த பிறகு கோப்பு யுஎஸ்டிஏவுக்குப் போய் 'கண்டிஷனல் கமிட்மென்ட்' (நிபந்தனையுடன் கூடிய உத்தரவாத ஒப்புதல்) வந்தால்தான் குளோசிங். எனவே ஒப்பந்தத்தில் 30 நாள் என்று எழுதாமல் 45 நாள் கேளுங்கள். அரசின் நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30ஐ ஒட்டிக் குளோசிங் வைக்கவே வைக்காதீர்கள். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அரசு முடங்கியபோது புதிய கமிட்மென்ட்டுகள் நின்றுபோயின. வட்டி லாக் (வட்டி விகிதத்தைக் குறித்த காலத்துக்கு மாறாமல் பிடித்துவைப்பது) காலாவதியானால் நீட்டிக்கும் கட்டணம் யார் தலையில் என்பதை லென்டரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.