விசா அடிச்சாச்சா? - வாசகர் கேள்வி பதில்

(திருச்சியில் நீண்ட காலம் டிராவல்ஸ் நடத்தியவர் பதில் சொல்கிறார்)

'விசா' எந்த மொழிச் சொல்? தமிழில் 'நுழைவுச்சீட்டு' என்று எழுதினால் சரியா?
- மணப்பாறை வாசகி

லத்தீன் சொல் அம்மா, பிரெஞ்சு வழியாக வந்தது. 'பார்க்கப்பட்டது' என்று பொருள். அதிகாரி பயணியின் தாளை வாங்கிப் பார்த்து, சரி என்று முத்திரை வைத்த வழக்கத்தில் பிறந்த பெயர். நம் ஊரில் 'விசா குத்தியாச்சா', 'விசா அடிச்சாச்சா' என்று கேட்பதும் அந்த முத்திரையை நினைத்துத்தான். இப்போது பல நாடுகளின் விசா மின்னஞ்சலில் வந்துவிடுகிறது, பேச்சு மட்டும் மாறவில்லை.

நுழைவுச்சீட்டு வேண்டாம் என்பேன். பரீட்சைக்கும் பொருட்காட்சிக்கும் அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. கட்டுரையில் 'நுழைவு அனுமதி' அல்லது 'நுழைவிசைவு' என்று எழுதலாம். விமான நிலையத்தில் 'விசா' என்றே சொல்லுங்கள். இலங்கைத் தமிழர்கள் 'வீசா' என்று நெடிலாக எழுதுவார்கள். அங்கே அதைக் கொடுப்பது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். சிங்கப்பூரில் 'குடிநுழைவு' என்கிறார்கள். குடிவரவு, குடியகல்வு இரண்டும் அருமையான சொற்கள், நம் பத்திரிகைகளும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு 10 ஆண்டு அமெரிக்க விசா கிடைத்திருக்கிறது. அண்ணன் வீட்டில் அத்தனை நாளும் இருக்கலாம்தானே?
- தஞ்சாவூர் வாசகர்

இருக்க முடியாது. விசாவில் இருக்கும் தேதி அந்த நாட்டின் வாசல் வரை போவதற்கான கெடு மட்டும்தான். அதற்குள் பல முறை போய் இறங்கலாம். ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே இறங்கும்போது அதிகாரி முடிவு செய்வார். சுற்றிப்பார்க்கப் போகிறவருக்குப் பெரும்பாலும் 6 மாதம் கிடைக்கும். கிளம்ப வேண்டிய கடைசித் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். அம்மா இறங்கியதும் அண்ணனை அதை இணையத்திலிருந்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஐ-94 தேதி தாண்டியும் தங்கினால், மீதமுள்ள ஆண்டுகளோடு விசாவே செல்லாமல் போய்விடும்.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவிலும் இந்தக் கவனம் வேண்டும். 29 நாடுகளுக்கு ஒரே விசா, ஆனால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. விசாவில் தங்கும் நாள் தனியாக அச்சாகியிருக்கும், 90-ஐவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

குவைத்துக்கு 'ஃப்ரீ விசா' இருக்கிறது, பணம் கட்டினால் போய் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். தம்பியை அனுப்பலாமா?
- அறந்தாங்கி வாசகர்

அனுப்பாதீர்கள். குவைத் அரசு 'ஃப்ரீ விசா' என்ற பெயரில் எதுவும் கொடுப்பதில்லை. அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் 20-ம் நம்பர் விசா, அதாவது வீட்டு வேலைக்கான காதிம் விசா. இல்லையென்றால் தனியார் நிறுவனத்துக்கான 18-ம் நம்பர். இரண்டிலும் ஒரு கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி, பெயர் இருக்கும். அவரிடம் வேலை பார்க்கத்தான் அனுமதி. வெளியே வேலை பார்த்தால் சட்டப்படி குற்றம். சோதனையில் பிடிபட்டால் கைரேகை எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்பப் போக முடியாது. பிடிபடாவிட்டாலும் அகாமா (அங்கே தங்குவதற்கான அனுமதி) புதுப்பிக்கும்போதெல்லாம் கஃபீல் பணம் கேட்பார். கொடுக்காவிட்டால், ஆள் ஓடிவிட்டான் என்று அவர் புகார் எழுதிக் கொடுத்தால் போதும், தம்பி மாட்டிக்கொள்வார்.

உங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் என் அலுவலகத்துக்கு வந்து அழுதது இன்னும் மனதில் இருக்கிறது. காதிம் விசாவில் போய்க் கட்டட வேலை பார்த்திருக்கிறான். அடிபட்டபோது, 'இவன் எங்கள் ஆளே இல்லை' என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. காகிதத்தில் அவன் யாரோ ஒருவர் வீட்டுச் சமையல்காரன். ஊரில் அம்மாவின் நகை அடகில் இருந்தது.

தம்பி போகத்தான் வேண்டுமென்றால், ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அவ்வளவுதான். தம்பி பத்தாவது தேறாமல் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகை) பாஸ்போர்ட் வைத்திருந்தால், குவைத் உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். விசாவில் என்ன வேலை போட்டிருக்கிறது என்பதை, அரபி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். 'டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்' என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் மோசடி வேலையில் அடைத்தார்கள்.

பூடானுக்கு விசா வேண்டுமா?
- கரூர் வாசகி

இந்தியருக்கு விசா தேவையில்லை, ஆனால் நுழைவு பெர்மிட் வேண்டும். சுற்றுலா போகிறவர் ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணமும் கட்ட வேண்டும். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை எடுத்துப் போங்கள். ஆதாரை ஏற்கமாட்டார்கள்.