ஹூவும் ஹூமும்

அன்புள்ள ஐயா,

‘ஹூ டிட் யூ மீட்?’ என்று என் மகள் எழுதியதை அடித்து, ‘ஹூம்’ என்று அவளுடைய ஆசிரியை திருத்தியிருக்கிறார். ஆங்கிலப் படங்களில் எல்லோரும் ‘ஹூ’ என்றே பேசுகிறார்கள். எது சரி? ‘ஹூம்’ இன்று தேவைதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பள்ளி இலக்கணத்தின்படி ஆசிரியையின் திருத்தம் சரியே. ஆயினும் உங்கள் மகள் எழுதியது இன்று நேற்று முளைத்த வழக்கமல்ல. ‘என்ன விவகாரம்?’ என்று அரசவை ஆலோசகர் பொலோனியஸ் கேட்க, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் ‘பிட்வீன் ஹூ?’ (யாருக்கிடையே?) என்றுதான் திருப்பிக் கேட்கிறான்; அவனோ பல்கலைக்கழகத்தில் படித்த இளவரசன்.

‘ஹூம்’ என்றால் ‘யாரை’ என்று நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம், ஆனால் அதன் பிறப்பு வேறு. பழைய ஆங்கிலத்தில் எழுவாய்க்கு ‘ஹ்வா’, இரண்டாம் வேற்றுமைக்கு ‘ஹ்வொனெ’, நான்காம் வேற்றுமைக்கு ‘ஹ்வாம்’ என, நம்முடைய யார், யாரை, யாருக்கு போல மூன்று வடிவங்கள் தனித்தனியே இருந்தன. பிற்காலத்தில் வேற்றுமை வடிவங்கள் தேய்ந்தபோது, ‘யாருக்கு’ என்ற பொருளுடைய ‘ஹ்வாம்’ ‘யாரை’யின் இடத்தையும் பிடித்துக்கொண்டு இன்றைய ‘ஹூம்’ ஆயிற்று. ‘அவனை’ என்ற பொருளுடைய ‘ஹினெ’ மறைந்து, ‘அவனுக்கு’ என்ற பொருளுடைய ‘ஹிம்’ மட்டும் நிலைத்ததும் இவ்வாறே. ஆகவே, ‘ஹூம்’ இருந்த இடத்தில் ‘ஹூ’ வருவதை மொழிச் சீரழிவு என்று புலம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

‘ஹிம்’ பிழைத்திருக்க ‘ஹூம்’ மட்டும் தேய்வதற்குக் காரணம் அது நிற்கும் இடம். ஆங்கில வாக்கியத்தின் தொடக்கம் எழுவாய்க்கு உரியது. வினாச்சொல் அங்கே வந்து நிற்பதால், செவி எழுவாய் வடிவத்தையே எதிர்பார்க்கிறது. இன்னும் இருநூறு ஆண்டுகளில் படித்த வழக்கறிஞர்கூட ‘ஹூம் டிட் யூ சீ?’ என்று கேட்கமாட்டார் என 1921இல் மொழியியலாளர் எட்வர்ட் சபீர் எழுதினார்.

என்னை உறுத்துவது இதற்கு நேர்மாறான பிழை, அதாவது கௌரவத்துக்காக ‘ஹூம்’ போடுவது. 1611இன் ஜேம்ஸ் அரசர் பைபிளே ‘ஹூம் சே யீ தட் ஐ ஆம்?’ (நான் யார் என்று நீங்கள் சொல்கிறீர்கள்?) என்று இயேசுவைக் கேட்கவைத்தது. அங்கே அந்தச் சொல் ‘சே’ என்பதன் செயப்படுபொருளன்று, ‘ஆம்’ என்பதன் பயனிலை. 1881இன் திருத்தப் பதிப்பில் அது ‘ஹூ’ என்று மாற்றப்பட்டது.

‘டூ’, ‘வித்’, ‘ஃபார்’ போன்ற சொற்களை அடுத்து வந்தால் எழுத்தில் ‘ஹூம்’ போடுவதே முறை. அவை வாக்கிய இறுதிக்குப் போய்விட்டால் ‘ஹூ’ போதும். தேர்வில் மட்டும் உங்கள் மகள் ஆசிரியை சொன்னபடியே எழுதட்டும்.