விக்டோரியா ஹால் யாருடையது?

கேள்வி: கோவை மாநகராட்சி மன்றக் கூட்டம் நடக்கும் இடத்துக்கு இன்னும் ‘விக்டோரியா ஹால்’ என்றே பேர். வெள்ளைக்காரன் கட்டிய அந்தச் சுண்ணாம்புக் கட்டடத்தை இடித்துவிட்டு, ஏ.சி. போட்டு நமக்கென்று ஒன்று கட்டினால் என்னங்க?
– ஒரு வாசகர், அன்னூர்

பதில்: நமக்கென்று கட்டியதுதாங்க அது. ராணியின் பேர் இருப்பதால் ராணி கட்டியது என்று நினைத்துவிட்டீர்கள்.

கோவை நகராட்சி ஆனது 1866இல். அப்போது அதிகாரிகள் கைதான் ஓங்கியிருந்தது. 1882இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார், 1884இல் சென்னை மாகாணத்துக்குப் புது நகராட்சிச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் தேர்தலில் ஜெயித்து வருகிற உள்ளூர்க்காரர்களுக்கு நகராட்சியில் இடம் கூடியது. பேச வேண்டியவர்கள் பெருகினால் கூடிப் பேச இடம் வேண்டாமா? 1887இல் விக்டோரியா பட்டத்துக்கு வந்து ஐம்பது வருஷம் நிறைந்தது. அதன் நினைவாக என்று சொல்லித்தான் கோவைக்காரர்கள் தங்களுக்கு ஒரு மண்டபம் எழுப்பிக்கொண்டார்கள். 1892இல் அது எழுந்தது. பேர் அவருடையது, தேவை இந்த ஊருடையது.

அதற்கு முன்னின்றவர் சே.ப. நரசிம்மலு நாயுடு. ஈரோட்டில் பிறந்தவர், கோவையில் பத்திரிகை நடத்தியவர். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸுக்குக் கோவையிலிருந்து போய் வந்தவரும் அவரே. சிறுவாணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே விடாமல் வாதாடினார். அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1922இலேயே போய்விட்டார். இன்றைக்குப் பஸ்ஸில் “டவுனால், டவுனால்” என்று கூவுகிறார்களே, இந்த மண்டபத்தின் இன்னொரு பேரான ‘டவுன் ஹால்’தான் அது. அந்தப் பேர் நாக்கில் ஒட்டியதற்கு அவரும் ஒரு காரணம். பேட்டைக்கே பேர் கொடுத்த கட்டடத்தை இடிக்கச் சொல்கிறீர்கள். ஒரு பத்திரிகைக்காரனாக எனக்கு இது ரொம்ப வலிக்கிறது.

சரி, சுண்ணாம்புக்கு வருவோம். மின்விசிறியும் மைக்கும் இல்லாத காலத்து மண்டபம் அது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் நமக்கு வந்ததே 1930களில்தான். அதனால் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட மண்டபங்களைக் கட்டியவர்கள் கூரையை ஆள் உயரத்துக்குப் பல மடங்கு தூக்கினார்கள். சூடு மேலே போய்விடும், ஆட்கள் இருக்கும் மட்டத்தில் குளுமை தங்கும். தடித்த செங்கல் சுவர் பகல் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். சுண்ணாம்புச் சாந்து ஒரே நாளில் இறுகாது. காற்றை இழுத்து இழுத்து வருஷக்கணக்கில் கல்லாகும். உள்ளே ஏறின ஈரத்தையும் தானே வெளியே விட்டுவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்துக் கற்றது பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டில். மழைக்குச் சுவரின் அடிப்பக்கம் கொஞ்சம் காரை உதிர்ந்தது. அவசரத்துக்கு சிமென்ட் வாங்கி முழங்கால் உயரத்துக்குப் பூசினோம். பளபளவென்று இருந்தது. இரண்டு மழைக்காலம் போனது. பூச்சுக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த சுவரில், வெள்ளையாக உப்புப் பூத்தது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டியது. சிமென்ட்டைத் தட்டினால் வெற்றுப் பானைச் சத்தம். வெளியே வர வழியில்லாத ஓதம் மேலே ஏறி நல்ல செங்கல்லையும் தின்றுகொண்டிருந்தது. வயசான கொத்தனார் ஒருவர் வந்து சிமென்ட்டை முழுக்கக் கொத்தி எடுத்தார். சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினார். சித்தாள் கூலியும் நாளும் கூடத்தான் ஆனது. இன்றுவரை அந்தச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

‘பழசு, தாங்காது’ என்று தீர்ப்பு எழுதுகிற பல கட்டடங்களின் கதை இதுதாங்க. தாங்காமல் போனதற்குக் காரணம் பழசு அல்ல, பொருந்தாத மராமத்து. நூறு வார்டுக்கு ஆபீஸ் போதவில்லை என்றால் தாராளமாகப் பக்கத்தில் கட்டட்டும், ஏ.சி. போடட்டும். மன்றம் கூடுகிற மண்டபத்தை மட்டும் சுண்ணாம்பு தெரிந்த கைகளிடம் கொடுக்கட்டும். அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அவர்களுக்கு வயசாகிறது. அடுத்த தலைமுறை பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேலை நடந்தால்தானே முடியும்?

அப்புறம் அந்தப் பேர். அது உறுத்துகிறது என்றால் உங்கள் பக்கம்தான் நானும். நரசிம்மலு நாயுடு பேரை வைக்கச் சொல்லி மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.